பின்னத்தையும் பருப்பொருளையும் சேர்த்தே நடத்தலாமா?

கேள்வி இது: "ஈராசிரியர் பள்ளியில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். கணக்கில் பின்னம், அறிவியலில் பருப்பொருள்களின் பண்புகள், இரண்டும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். காற்றுக்கு எடை கிடையாது என்று அடித்துச் சொல்கிறார்கள். எத்தனை தரம் திருத்தினாலும் மறுநாள் பழைய குருடிதான். எதை முதலில் எடுப்பது?"

இரண்டையும் ஒன்றாக எடுங்கள். 31 வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள் நான். முதல் பத்து வருஷம் காலையில் பின்னம், மதியம் அறிவியல் என்று தனித்தனியாகத்தான் நடத்தினேன். பிறகுதான் பிடிபட்டது, இரண்டு பாடத்திலும் பிள்ளை சறுக்குகிற இடம் ஒன்றே என்பது. பின்னத்தில், 'பாதி' என்றதும் எதில் பாதி என்று அது கேட்டுக்கொள்வதில்லை. பருப்பொருளில், உருவம் மாறியதும் அளவும் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. மொத்தம் எது, அது இன்னும் அதே மொத்தம்தானா? இந்த ஒரு கேள்வியை மாதம் முழுக்க விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அதற்கு வேண்டியது கரும்பலகையைவிட ஒரு டம்ளர், ஒரு வாளித் தண்ணீர், ஒரு கிச்சன் தராசு.

முதலில் பெயர்களைச் சரிசெய்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பிள்ளைக்குப் 'பகுதி' என்றால் துண்டு, பங்கு. அதனால் மேலே இருக்கும் எண்ணைத்தான் பகுதி என்கிறது. அதன் மேல் தப்பில்லை, பேச்சு வழக்கு அப்படி. நான் மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பகுத்தது எத்தனையாக? அது பகுதி. பகுத்ததில் எத்தனையைத் தொகுத்துக் கையில் வைத்திருக்கிறாய்? அது தொகுதி. ஒரு கடலை மிட்டாயை உடைத்து நாலு துண்டு போட்டு, மூன்றை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் வைத்து இந்த இரண்டு வார்த்தையையும் சொல்ல வைத்தால், அப்புறம் அது மேல் கீழ் மாற்றிச் சொல்லவே சொல்லாது.

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் நாம் 'நான்கில் மூன்று' என்று கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். எழுதும்போது மேல் எண்ணை முதலில் எழுதுகிறோம். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். 2/3 என்பதை 'இரண்டில் மூன்று' என்று வாசிக்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் நாலு பேராவது இருக்கும். "பின்னத்தைக் கிணற்றுத் தண்ணி மாதிரி கீழேயிருந்து மேலே இறைச்சுப் படி" என்பேன். உண்மையில் நம் சொல் வரிசை நல்ல வரிசை. மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் பங்கைச் சொல்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. கால், அரை, முக்கால், ஒன்றரை, ஒன்றேகால் எல்லாம் கடையிலேயே கற்றுக்கொண்டுதான் வருகின்றன. தச்சு ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல் என்று தெரியும். குழாய் வேலை பார்ப்பவரின் மகனுக்கு அரை இன்ச் பைப்பும் முக்கால் இன்ச் பைப்பும் தெரியும். அந்தப் பையனிடம் போய், '1/2 பெரிதா 3/4 பெரிதா' என்று பலகையில் எழுதிக் கேட்டால் விழிப்பான். "எந்த பைப்புல தண்ணி ஜாஸ்தி வரும்?" என்றால் கேட்டு முடிக்கும் முன் பதில் வரும். அரைக்கால் என்ற சொல்லைக் கொண்டுவாருங்கள். காலில் பாதி, அதாவது 1/8. பெருக்கலைப் பாட்டி ஒரே சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முக்கால் என்பதோ மூன்று கால், 3 × 1/4. "கால்னா ஏன் டீச்சர் கால்?" என்று ஒருவன் கேட்க, "மாட்டுக்கு நாலு காலு இருக்குல்ல, அதுல ஒண்ணு" என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். சொல்லாராய்ச்சி சரியோ தப்போ, பின்னம் சரி.

ஆனால் மூன்றில் ஒன்றுக்கு வீட்டில் சொல் கிடையாது. இதைக் கவனித்தீர்களா? பழைய திண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. வேற்றினப் பின்னக் கூட்டலுக்கு, அதாவது கீழ் எண் வேறுவேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதற்கு, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை, விடையே பெயராக இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் 320ஐச் சுற்றி ஓடுவது. 320 என்பது 64 × 5. அதில் மூன்று இல்லை. 320ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே மூன்று பங்கு பிள்ளைக்கு வீட்டிலிருந்தும் வரவில்லை, கடையிலிருந்தும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. அதனால் 1/3ஐத் தனியாக, நிதானமாக அறிமுகம் செய்யுங்கள். ஒரு காகிதப் பட்டையைப் பாதியாக மடிப்பது சுலபம், மூன்றாக மடிக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் மடிப்பு எப்போதும் தப்பும். பிரித்து, நகர்த்தி, மறுபடி மடித்து, மூன்றும் சமமாக வரும்வரை போராடுகிற அந்த ஐந்து நிமிடம்தான் பாடம். வட்டம் வரைந்து மூன்றாகப் பிரிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கே கோணமானி இல்லாமல் சரியாக வராது.

சரி, 2/5க்கு வருவோம். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், ஏனென்றால் அது செய்வது சில இடங்களில் சரியான கணக்கு. காலையில் இரண்டு பந்து போட்டு ஒன்றில் ஸ்டம்ப் விழுந்தது. மாலையில் மூன்று பந்து போட்டு ஒன்றில் விழுந்தது. அன்று முழுக்க ஐந்துக்கு இரண்டு. மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியாயிற்று, தப்பே இல்லை! இங்கே இரண்டு மொத்தங்கள் சேர்ந்து ஐந்து என்ற புது மொத்தம் பிறந்துவிட்டது. ஒரே டம்ளரில் அரை டம்ளர் மோர் ஊற்றி, மேலே மூன்றில் ஒரு டம்ளர் ஊற்றினால் டம்ளர் இரண்டாகவில்லை, அதே டம்ளர்தான். ஊற்றிக் காட்டுங்கள். அதற்கு முன்னால் 2/5 எங்கே வரும் என்று டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு பாதிக்குக் கீழே விழும். அரையோடு இன்னும் ஊற்றினால் அரைக்குக் கீழே இறங்குமா? இந்தக் கேள்விக்கு அப்புறம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு சமக் கோடு போட்ட டம்ளரைக் கொடுத்தால் மூன்று கோடும் இரண்டு கோடும் ஐந்து கோடு என்று அதுவே எண்ணிவிடும், மீச்சிறு பொது மடங்கு என்ற பெயர் பிறகு வந்து உட்காரட்டும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறையும் இல்லை. 1978ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் நாடு தழுவிய தேர்வு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள், அதனால் விடை 2. அதைத் தொட்டவர்கள் 24 சதவீதம் பேர்தான். மேல் எண்களைக் கூட்டினால் 19, கீழ் எண்களைக் கூட்டினால் 21. பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டில் போய் விழுந்தார்கள்.

இனி பருப்பொருள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே செய்து காட்டிய சோதனை உங்களுக்குப் பயிற்சியில் வந்திருக்கும். ஒரே அளவு நீரை ஒல்லிக் கலத்திலும் அகலக் கலத்திலும் ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை ஒல்லிக் கலத்தில்தான் அதிகம் என்னும். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் மண்ணின் அளவு மாறாது என்பது ஏழெட்டு வயதிலும், எடை மாறாது என்பது ஒன்பது பத்திலும், அடைக்கும் இடம் மாறாது என்பது பதினொன்று பன்னிரண்டிலும் பிடிபடுவதாக அவர் கண்டார். உங்கள் வகுப்பு சரியாக அந்த நடுவில் நிற்கிறது. ஒரே பெஞ்சில் பிடிபட்டவனும் பிடிபடாதவனும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் எவர்சில்வர் டம்ளரையும் டவராவையும் வைத்து இதைச் செய்தேன். டம்ளர் நிறைய இருந்த தண்ணீரை டவராவில் ஊற்றியதும் நாலாம் வகுப்பில் பாதிப் பேர் "கொறஞ்சிருச்சு" என்றார்கள். ஒரு பெண் மட்டும் சிரித்தாள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். "ஆத்தும்போது டீ கூடவா செய்யும், கொறையவா செய்யும்? சிந்தாம ஆத்தணும், அவ்வளவுதான்." சிந்தாமல் ஆற்றினால் அளவு மாறாது. பருப்பொருள் பாடத்தின் முதல் பக்கத்தை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் 'சிந்துச்சா?' என்பதுதான் சோதனைக் கேள்வி. எதாவது குறைந்தாற்போலத் தெரிந்தால், எங்கே சிந்தியது என்று தேடு. சிந்தவில்லை என்றால் குறையவில்லை.

காற்றுக்கு எடை உண்டா என்பதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டும். துடைப்பக்குச்சியின் நடுவில் நூல் கட்டி, இரண்டு முனையிலும் ஊதிய பலூன் கட்டி, ஒன்றை ஊசியால் குத்தினால் மற்றது கீழே இறங்கும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். குத்தினேன். டமார் என்று வெடித்தது, ரப்பர் துண்டு பறந்தது, குச்சி ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. "பாத்தீங்களா டீச்சர், காத்துக்கு எடையே இல்ல" என்று கைதட்டினார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. பலூனுக்குள் நாலு லிட்டர் காற்று என்றால் அதன் எடை கிட்டத்தட்ட ஐந்து கிராம் இருக்கும். ஆனால் பலூன் வெளிக்காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீருக்குள் தண்ணீர்ப் பையைத் தூக்கினால் கனம் தெரியாதது போல, வெளிக்காற்று அந்த எடையைத் தாங்கிவிடுகிறது. பலூன் ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும் கொஞ்சம் கூடுதல் காற்றின் எடைதான் தராசுக்குத் தெரியும், அது கால் கிராம்கூடத் தேறாது.

பலூனை விட்டுவிட்டுக் கால்பந்தை எடுங்கள். பந்து சப்பையாக இருக்கக்கூடாது, உருண்டையாக ஆனால் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஒரு கிராம் காட்டும் கிச்சன் தராசில், பந்து உருளாமல் இருக்க ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து எடை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பம்பை எடுத்து, ஆளுக்கு ஐந்து அடி என்று பந்து கல்லாகும்வரை அடிக்கச் சொல்லுங்கள். திரும்ப வையுங்கள். நாலைந்து கிராம் ஏறியிருக்கும். பந்தின் அளவு மாறவில்லை, அதனால் வெளிக்காற்று தாங்குவதும் மாறவில்லை. ஏறியது முழுக்க அவர்கள் அடித்த காற்று. தன் கையால் அடித்த காற்றைத் தராசில் பார்த்தவன் அப்புறம் வாதாட மாட்டான். முடிந்தால் வகுப்பறையை அளந்து கணக்குப் போடுங்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ, நம் வெயிலில் சற்றுக் குறையும். ஆக அறைக்குள் இரண்டு மூட்டை சிமெண்ட் கனத்துக்குக் காற்று நிற்கிறது. (நிறை, எடை வேறுபாட்டை இப்போது இழுக்காதீர்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்.)

திண்மம், திரவம், வாயு என்று பட்டியல் போடுவதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரே ஒரு சிக்கல் வரும், அதற்குத் தயாராக இருங்கள். "திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும்" என்று சொன்னதும் ஒரு பிள்ளை, ரவை திரவமா என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். டம்ளரைச் சாய்த்தால் தண்ணீரின் மேல்மட்டம் உடனே தரைக்குச் சமமாகிவிடும், ரவை சரிவாக நிற்கும். கொட்டினால் தண்ணீர் ஓடும், ரவை குவியும். ஒவ்வொரு ரவையும் தன் வடிவத்தை விடவில்லை. பேஸ்ட்டும் தோசை மாவும் எதில் சேரும் என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் என்று சொல்வதில் வெட்கமில்லை.

ரவையை எடுத்ததும் எடுத்தீர்கள், ஒரு டம்ளர் கொண்டைக்கடலையோடு ஒரு டம்ளர் ரவையைக் கலக்கிக் குலுக்குங்கள். இரண்டு டம்ளர் வராது. ஒன்றரையைத் தாண்டிக் கொஞ்சம் வரும். சிந்தியதா? இல்லை. எடை போட்டால் சரியாகக் கூட்டுத்தொகை காட்டும். ரவை கடலைகளின் சந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளை இருந்தால், ஒரு சட்டி சிமெண்டும் நாலு சட்டி மணலும் ஐந்து சட்டிக் கலவை ஆகாது என்று அதுவே சொல்லும். எதை அளக்கிறோம், இடத்தையா எடையையா என்று பிரிக்காமல் கூட்டினால் 1 + 1 கூடத் தப்பும்.

இதே இடத்தில் இட்லி மாவையும் பேசிவிடுங்கள். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. போட்டதில் உளுந்து எத்தனை பங்கு? வகுப்பே 'கால்' என்னும். அரிசியோடு ஒப்பிட்டால் கால், போட்ட மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. பங்கு தன்னையும் மொத்தத்துக்குள் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது பெரியவர்களுக்கே வழுக்குகிற இடம். 200 கிராம் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து எடை போடுங்கள், 220 காட்டும். கரைந்த உப்பு எங்கும் போகவில்லை என்பது அறிவியல், கரைசலில் உப்பு 1/10 இல்லை 1/11 என்பது பின்னம். தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு திரும்ப வரும். நகைக்கடை 916 முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம், 22/24ஐத் தசமமாக்கினால் 0.916 என்று ஓடும். மீதி 1/12 செம்பு, வெள்ளி போன்றவை. தனித் தங்கம் வளையும் அளவுக்கு மெத்தென்று இருப்பதால்தான் அந்தக் கலப்பு.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 11 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்து வாங்குங்கள். கண்ணாடி வேண்டாம், வெடிக்கும். பனிக்கட்டி கிட்டத்தட்ட 12 செ.மீ. நிற்கும், நடுவில் கொஞ்சம் மேடு தட்டியிருக்கும். எடை மாறியிருக்காது. எவ்வளவு கூடியது? தண்ணீரைக் கேட்டால் 11இல் 1. பனிக்கட்டியைக் கேட்டால் 12இல் 1. ஒரே ஒரு சென்டிமீட்டர், மொத்தத்தை மாற்றினால் பின்னமே மாறுகிறது. அந்தக் கட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வெளியே தெரிவதும் ஏறக்குறைய அந்த 1/12 தான். (தேங்காய் எண்ணெய் இதற்கு நேரெதிர். மார்கழியில் உறைந்ததும் சுருங்கும், உறைந்த கட்டி எண்ணெயில் மூழ்கும். காட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.)

அப்புறம் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஒரு பனிக்கட்டியை மிதக்கவிட்டு, உருகினால் வழியுமா என்று கேளுங்கள். வழியும் என்று பந்தயம் கட்டுவார்கள். வழியாது. 12 உருகி 11 ஆகிவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பங்குக்கு உள்ளே இடம் கேட்க ஆளில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் இருபது நிமிடம் கழித்து, "வழிஞ்சிருச்சு டீச்சர்!" என்று ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் பெஞ்ச் ஈரம். டம்ளருக்கு வெளியே வேர்த்து ஒழுகியிருந்தது. எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மறுநாள் டம்ளரில் பீட்ரூட் தண்ணீர் ஊற்றி அதே மாதிரி செய்தோம். உள்ளே சிவப்பு, பெஞ்சில் நிறமே இல்லாத தண்ணீர். பந்தயம் கட்டியவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது உள்ளயிருந்து சிந்தல. அப்ப எங்கேருந்து டீச்சர் வந்துச்சு?" என்றான். நீங்களும் பீட்ரூட்டையே போடுங்கள், மஞ்சள் தூள் அடியில் படிந்துவிடுகிறது.